இலத்திரனைக் கீறுதல்

முதல் ஸ்லைட்டில் நான் கீறியது பொய்.
நடுவில் ஒரு சிவப்பு உருண்டை,
சுற்றிவர மூன்று வளையம்,
வளையத்துக்கு ஒன்றாய் நீல மணி.
ஜெசிந்தா பார்த்தாள்.
"வடிவாய்த்தான் இருக்கு. அழி."

கஸ்தூரியார் வீதியில் என் கடை.
சாமத்தியவீட்டுப் பதாகை, மரண அறிவித்தல்,
கை கட்டி நிற்கும் டியூட்டரி ஆசிரியர்கள்:
எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பேன்.
சாரத்தோடு செத்தவருக்குக் கோட் மாட்டியிருக்கிறேன்,
அடையாள அட்டைப் படத்துக்குள்ளிருந்து
ஒரு சிரிப்பைக் கிளப்பியிருக்கிறேன்.
இலத்திரனுக்குத்தான் முகம் அகப்படவில்லை.

"அப்ப என்னத்தைக் கீற?"
"மேகம் மாதிரி ஒண்டு."
கீறினேன்.
"மேகம் இல்லை. அது எங்க அகப்படக்கூடும் எண்டதின்ர அடர்த்தி."
"புள்ளி வைக்கட்டே?"
"வை. ஆனா ஒரு புள்ளியும் அது இல்லை."
ஆயிரத்து இருநூறு புள்ளி வைத்தேன்,
நடுவில் நெருக்கி, ஓரத்தில் ஐதாக்கி.
எந்தப் புள்ளியிலும் இல்லாத ஒன்றுக்கு
பில் எப்படிப் போடுவது?

சக்திச்சொட்டு என்கிறது பாடப்புத்தகம்.
சொட்டு என்றதும் நான் ஒழுகும் பைப் ஒன்றைக் கீற,
அதை மட்டும் வைத்துக்கொண்டாள்.
அரைச் சொட்டு ஒழுகும் பைப் உலகத்தில் இல்லையாம்.

பெட்டிக்குள் பூனை வேண்டாம் என்றதும் அவள்தான்.
எல்லா இடத்திலும் அந்தப் படத்தோடுதான் தொடங்குவார்களாம்:
திறக்கும் வரைக்கும்
இருக்கிறது, இல்லை, இரண்டும்.
"எங்கட சனத்துக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை."
மவுஸில் கை வைத்தபடி
கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.
பிறகு அடுத்த ஸ்லைட்.

இரட்டைப் பிளவு.
இதற்கு என்னை ஸ்கூட்டியில் ஏற்றி
பண்ணைக் கடலுக்குக் கொண்டுபோனாள்.
தெருவுக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு மதகு.
காற்றுப் பக்கத்துத் தண்ணீர் இரண்டாலும் நுழைந்து
இந்தப் பக்கம் இரண்டு விசிறியாய் விரிந்து
ஒன்றையொன்று வெட்டியது.
வலைத்தடி வரிசையில் ஒரு தடி கழுத்துவரை நனைய
பக்கத்துத் தடியில் தண்ணீர் அசையவே இல்லை.
"கண்டியோ? மேடும் பள்ளமும் சந்திச்சா ஒண்டுமில்லை.
இப்ப அலையை விடு.
ஒவ்வொரு சொட்டாய் அனுப்பு, நேரம் விட்டு.
ஒரு சொட்டு ஒரு தடியிலதான் விழும், முழுசாய்.
ஆயிரம் விழுந்த பிறகு பார்,
இதே வரி. அதே தடி காய்ஞ்சிருக்கும்."
"தனியப் போற சொட்டுக்கு
மற்ற மதகு திறந்திருக்கிறது எப்பிடித் தெரியும்?"
"அதைத்தான் நீ கீற வேணும்."
"ஏலாது."
"ஓம்," என்றாள், வெகு திருப்தியாய்.

சனிக்கிழமை கொக்குவில் வாசிகசாலை.
பதினொரு பேர். பாமசிக்காரி, கன்னியாஸ்திரிகள் இருவர்,
கணக்காளர் ஒருவர், அவருடைய நித்திரை,
காரைநகர் பஸ் ஓட்டும் தவராசா.
ஐந்தாவது ஸ்லைட்டில் கரண்ட் போனது,
என் புள்ளிகள் எல்லாவற்றோடும்.

ஜெசிந்தா கைப்பையைத் துழாவி
லேசர் பேனாவை எடுத்தாள்.
"ஆராவது ஒரு தலைமயிர் தாங்கோ."
கன்னியாஸ்திரிகளுக்கு முக்காடு, தவராசாவுக்கு வழுக்கை.
என்னுடையதைப் பிடுங்கினாள், கேளாமல்.
ஓட்டை வெட்டிய கலியாணக் கார்டில் நெட்டுக்கு ஒட்டி
வெளிச்சத்தை அதில் விட்டாள்.

ஒரு புள்ளி விழவேண்டிய சுவரில்
சிவப்பு, இருட்டு, சிவப்பு, இருட்டு,
யாரோ பல்லுக் காட்டியதுபோல.

தவராசா எழும்பிப் போய்
ஓர் இருட்டில் விரலை வைத்தார்.
"இதில ஏன் வெளிச்சம் இல்லை?
மயிரின்ர ரெண்டு பக்கத்தாலயும் வருகுதே."
"ரெண்டு பக்கத்தாலயும் வாறபடியால்தான்."
அவர் திரும்பவில்லை.
மடக்கேட்டு வளைவில் லைட் இல்லாத லொறியைக் கண்டவர்போல்
அப்படியே நின்றார்.
பிறகு டிக்கெட் பென்சிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
இருட்டுக்கு ஒன்றாய்க் கோடு போட்டார்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது.
சிவப்பு வெளிறி மறைந்தது.
புரொஜெக்டர் என் மேகத்தைத் திரும்பக் காட்ட
ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளையடித்து மூன்று மாதமாகாத சுவர்,
நூலகர் கத்தினார்.
ஒன்பது பென்சில் கோடு,
வெளிச்சம் வராத இடங்கள்.
அந்த வகுப்பில் சரியாய் வந்த படம் அதொன்றுதான்.
நான் கீறியதல்ல.
பில்லில் சேர்க்கவுமில்லை.